உட்கார்ந்திருப்பவர்களின் அங்கி

ஸ்ரீநகர் உதகையைவிடத் தாழ்வான ஊர். உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,585 மீட்டர்தான். ஆனால் உதகை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது, ஸ்ரீநகர் 34 பாகையில். குளிரை முடிவு செய்வதில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. உதகையில் உறைபனி விழுந்தாலும் பகல் வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து கடலை தின்னலாம். ஸ்ரீநகரில் 1934 டிசம்பர் 13 அன்று வெப்பநிலை மைனஸ் 12.8 பாகைக்கு இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாத ஆண்டுகளிலும் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும், தால் ஏரியின் ஓரங்களில் கண்ணாடித் தகடு போலப் பனி கட்டும். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான 40 நாட்களுக்குக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’, பெருங்குளிர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த 20 நாள் சிறுகுளிர், அதற்கடுத்த 10 நாள் குளிர்க்குஞ்சு.

நான் போனது பெருங்குளிரின் நடுவில். ஜம்முவிலிருந்து மலைச்சாலையில் பனிஹால் வரை வந்து, அங்கே ரயில் ஏறினேன். பீர் பஞ்சால் மலையைக் குடைந்து 11 கிலோமீட்டருக்கும் மேல் போகும் சுரங்கப்பாதை அது, 2013-இல் திறந்தார்கள். இந்தப் பக்கம் பழுப்பு மலை, இருட்டு, மறுபக்கம் காஜிகுண்டில் எல்லாம் வெள்ளை. பெட்டியில் இருந்த ஆண்களில் பலர் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் தொளதொளப்பான கம்பளி அங்கி அணிந்திருந்தார்கள். அதுதான் ஃபெரன். பலருடைய அங்கிக்கைகள் தோளிலிருந்து வெறுமனே தொங்கின, கைகள் உள்ளே வயிற்றோடு இருந்தன. டீ வாங்கும்போது மட்டும் ஒரு கை கழுத்துப் பிளவு வழியாகவோ கைத்துளை வழியாகவோ வெளியே வந்து கோப்பையைப் பிடித்துக்கொண்டது.

என்னிடம் நல்ல ஜெர்கின் இருந்தது. இறகு அடைத்தது, காற்றுப் புகாதது. பழைய நகரத்தின் சந்துகளில் ஜீலம் ஆற்றுப் பாலங்களைக் கடந்து நடந்த காலை முழுவதும் அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. நடப்பது நின்றதும் அதன் வேலையும் நின்றுபோனது. நான் தங்கியிருந்த வீட்டில் செருப்பை வாசலில் விட்டு, கம்பளம் விரித்த தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார வேண்டும். நாற்காலி கிடையாது. சன்னல்களுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததில் முழங்காலும் பாதமும் மரத்துப்போயின. வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து போய்த் தன் மகனுடைய ஃபெரனைக் கொண்டுவந்தார். “அதைக் கழற்று பேட்டா. அது ரோட்டில் போடுவது” என்றார். தலைவழியே ஃபெரனை மாட்டியதும் என் முன்னால் ஒரு பிரம்புக்கூடையை வைத்தார். கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் நீறு பூத்த தணல். அதுதான் காங்ரி. “இதை உள்ளே எடுத்துக்கொள். முழங்காலை மடக்கு. துணியைச் சுற்றி இழுத்துவிடு.”

சொன்னபடி செய்தேன். குத்தவைத்து உட்கார்ந்ததும் அங்கியின் விளிம்பு தரையைத் தொட்டுக் கால்களை மூடியது. உள்ளே காங்ரியின் வெப்பம் மெல்ல மேலேறி, வயிறு, மார்பு, தோள் என்று பரவி, கழுத்தருகே முகத்தில் இளஞ்சூடாகப் பட்டது. இரண்டு மூன்று நிமிடம்தான், பாதத்துக்கு உயிர் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஃபெரன் ஏன் அவ்வளவு அகலம், ஏன் இடுப்பில் இறுக்கம் இல்லை, ஏன் கழுத்துப் பிளவு சிறியது என்பதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து விளங்கின. துணி தணலைத் தொடக்கூடாது, அதனால் அகலம். சூடான காற்று உடம்பைச் சுற்றி மேலே போக வழி வேண்டும், அதனால் இடுப்புப்பட்டி இல்லை. மேலே போன காற்று உடனே தப்பிவிடக்கூடாது, அதனால் குறுகிய கழுத்து. உட்கார்ந்தால் கூடாரம் மூடிக்கொள்ளும், எழுந்தால் திறந்துகொள்ளும்.

குளிருக்கென்று உலகம் முழுவதும் விற்கும் ஜெர்கினும் கோட்டும் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தைப் பிடித்து வைப்பவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது. வேகமாக நடந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். மலையேறுபவர், பனிச்சறுக்கு விளையாடுபவர், காவல் ரோந்து போகிறவர் எல்லோரும் தங்கள் சூட்டைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். ஃபெரனின் கணக்கு வேறு. அதை அணிபவர் மணிக்கணக்கில் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார், அவர் உடம்புச் சூடு போதாது, வெளியிலிருந்து நெருப்பு வர வேண்டும் என்று அது வைத்துக்கொள்கிறது. காங்ரி இல்லாத ஃபெரனைக் கடுங்குளிரில் போட்டுப் பார்த்தால் காற்று கீழே நுழைந்து மேலே போகும். ஃபெரன் பாதி, காங்ரி பாதி. ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதைப் பற்றிப் பேச முடியாது.

மறுநாள் வீட்டுக்கார அம்மா என்னைத் தங்கள் தெருத் தையல்காரரிடம் அனுப்பினார். ஆறடிக்கு எட்டடிக் கடை. மாஸ்டர்ஜி பலகைமேல் சம்மணமிட்டு, ஃபெரனுக்குள் காங்ரியோடு உட்கார்ந்து, இன்னொருவருக்கான ஃபெரனைத் தைத்துக்கொண்டிருந்தார். கோட்டுக்குத் தோளில் வளைவு வெட்ட வேண்டும், மார்பில் பிடிப்பு வைக்க வேண்டும். ஃபெரனில் அதெல்லாம் இல்லை. உடலும் கையும் நேர்க்கோடாக விழும், அக்குளில் இறுக்கமே இருக்காது. அதனால்தான் அணிந்தபடியே கையை உள்ளே இழுத்துக்கொள்ள முடிகிறது. பக்கவாட்டில் இருக்கும் பிளவு சட்டைப்பைக்கு அல்ல, உள்ளே கைவிட்டுக் காங்ரியைச் சரிசெய்ய. கம்பளி அங்கிக்கு அடியில் அதே வடிவத்தில் பருத்தித் துணியில் இன்னொன்றும் அணிவது பழைய முறை. அதைப் ‘பூட்ச்’ என்கிறார்கள். கம்பளியைத் தினமும் துவைக்க முடியாது, பருத்தியைத் துவைக்கலாம்; உடம்பில் உறுத்தாது. பெண்களுக்கான ஃபெரன்களில் கழுத்தைச் சுற்றியும் மார்பிலும் வெள்ளி, பொன் நிறச் சரிகையில் ‘தில்லா’ வேலைப்பாடு இருக்கும். திருமணப் பெண்ணின் ஃபெரனில் அது கைவிளிம்பு வரை இறங்கியிருக்கும்.

“நீளம் பார்க்க வேண்டும், உட்காருங்கள்” என்றார். நின்றபடி அளப்பார் என்று எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்த நான் தரையில் உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கச் சொல்லி, தோளிலிருந்து முழங்கால் மேலாக வந்து தரை வரை நாடாவை இறக்கினார்.

காங்ரிக்குப் பேர்போன ஊர் சரார்-எ-ஷரீஃப். ஸ்ரீநகரிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். பந்திபோராவிலும் நல்ல காங்ரி முடைகிறார்கள், ஆனால் சரார் காங்ரி என்றால் விலையே வேறு. உள்ளே வைக்கும் மண்சட்டியை ‘கொண்டுல்’ என்கிறார்கள், குயவர் செய்வது. அதைச் சுற்றிக் கூடை முடைபவர் வேறொருவர். மெல்லிய குச்சிகளை ஊறவைத்துத் தோல் சீவிச் சாயம் ஏற்றி, சட்டியின் வயிற்றை ஒட்டி முடைந்து மேலே இரண்டு கைப்பிடி வளைக்கிறார். பின்பக்கம் முடைச்சலை மேலே நீட்டி முதுகு போல உயர்த்துவதும் உண்டு. கரியைக் கிளறும் சிறு கரண்டி கூடையிலேயே கட்டித் தொங்கும். திருமணமான முதல் குளிர்காலத்தில் பெண் வீட்டிலிருந்து அலங்காரக் காங்ரி போவது வழக்கம் என்றார் அங்கே ஒரு காங்ரிக் கடைக்காரர். அவர் எடுத்துக் காட்டிய ஒன்றில் சிவப்பும் பச்சையுமாகக் குச்சிகள், சுற்றிலும் சிறு கண்ணாடிகள், வெள்ளி நிறச் சங்கிலியில் கரண்டி.

கரியிலும் தரம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் சினார் மரங்கள் உதிர்க்கும் இலைகளைப் பெண்கள் கூட்டிக் குவித்து எரிக்கிறார்கள். முழுவதும் சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்து மூட்டைகட்டி வைக்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்களில் செந்தழலாக நிற்கும் அந்த இலைகள் மூன்று மாதம் கழித்து நிஜமாகவே தணலாகின்றன என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. காங்ரியின் அடியில் இந்த இலைக்கரித் தூள், மேலே மரக்கரி, அதன்மேல் தணல், எல்லாவற்றுக்கும் மேல் சாம்பல் போர்வை. கிளறாமல் விட்டால் காலையில் மூட்டியது பல மணி நேரம் தாங்கும்.

சராரில் ஷேக் நூருத்தீன் அடங்கியிருக்கிறார். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவரை நுந்த ரிஷி என்று இந்துக்களும் முஸ்லிம்களும் கொண்டாடுகிறார்கள். 1995 மே மாதத்து மோதலில் எரிந்துபோன தர்காவைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அவரைப் பற்றி அங்கே சொல்லும் ஒரு கதை அங்கியைப் பற்றியதுதான். ஒரு பெரிய வீட்டு விருந்துக்குக் கந்தல் உடையில் போகிறார். வேலையாட்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். திரும்பிப் போய் நல்ல அங்கி உடுத்தி வருகிறார். தலைவாசல் வரை வந்து வரவேற்று நடுவில் உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். அவர் சாப்பிடாமல் அங்கியின் நீண்ட கையை உணவுத் தட்டில் தோய்க்கிறார். விருந்து இந்தக் கைகளுக்குத்தானே, இவை சாப்பிடட்டும் என்கிறார். கதையைச் சொன்ன பெரியவர் தன் ஃபெரன் கையையே தட்டை நோக்கி நீட்டிக் காட்டினார்.

ஃபெரனை வெளியார் பார்த்த விதம் நெடுங்காலமாகவே கோணலானது. அக்பர் 1586-இல் காஷ்மீரைப் பிடித்த பிறகு, வீரம் மிகுந்த அந்த மக்களை மந்தமாக்குவதற்காகவே இந்த அங்கியைத் திணித்தார் என்று ஒரு கதை ஆங்கிலேயர் காலத்துப் பயண நூல்களில் வருகிறது. 1890-இல் ஸ்ரீநகருக்கு வந்து மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரான டிண்டேல் பிஸ்கோ, தன் மாணவர்கள் ஃபெரனுக்குள் காங்ரி வைத்துத் தரையில் முடங்கி உட்கார்ந்திருந்ததை அருவருப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1891-இல் அவர் தோல் பந்தைக் கொண்டுவந்து, தொட மறுத்த பிராமணப் பிள்ளைகளை விரட்டிக் கால்பந்து ஆட வைத்தார். நீண்ட ஃபெரனும் மரச்செருப்புமாக அவர்கள் ஆடினார்கள். காஷ்மீரில் கால்பந்து வேர்பிடித்ததற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அங்கியைப் பார்த்துச் சோம்பல் என்று முடிவு கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜடிபல் பகுதியில் ஒரு காகிதக்கூழ்க் கலைஞரின் வீட்டுக்குப் போனேன். அவரும் தம்பியும் சன்னல் வெளிச்சத்தில் அருகருகே உட்கார்ந்து, பூனை முடித் தூரிகையால் ஒரு பெட்டியின் மூடியில் சினார் இலையும் மீன்கொத்தியும் தீட்டிக்கொண்டிருந்தார்கள். விரல் ஒருமுறை நடுங்கினால் கோடு கெட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது கை ஃபெரனுக்குள் போய்க் காங்ரிமேல் சற்று இருந்துவிட்டு வெளியே வந்தது. விரல் வளையத் தொடங்கியதும் தூரிகையை எடுத்தார்கள். வயல்களும் தோட்டங்களும் பனிக்கடியில் கிடக்கும் மாதங்களில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கைவேலைகளில் பெரும்பகுதி நடந்து வந்திருக்கிறது. சால்வையில் ஊசியால் பூக்கும் சோஸ்னி, கம்பள முடிச்சு, வால்நட் மரச் செதுக்கல், பிரம்பு முடைதல் எல்லாமே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, விரல்நுனியால் செய்யும் வேலைகள். ஒரு நல்ல சோஸ்னி சால்வைக்கு ஆண்டுக்கணக்கில் ஊசி ஓட வேண்டும். அந்தச் சால்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் அவற்றைச் செய்தவரின் அங்கியைச் சோம்பேறி உடை என்று எழுதியிருப்பார்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. ஃபெரன் இல்லாவிட்டால் அந்தக் குளிரில் அந்த விரல்கள் அசைந்திருக்காது.

காங்ரி இழைக்கும் தீங்கையும் சொல்லியாக வேண்டும். மிஷன் மருத்துவர் எல்ம்ஸ்லி 1866-இலேயே ஒரு புற்றுநோயைப் பற்றி எழுதினார். தொடையின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும், அதாவது காங்ரி ஒட்டியிருக்கும் இடத்தில் வரும் தோல் புற்று அது. உலகின் வேறு பகுதிகளில் அந்த இடத்தில் அது வருவது மிக அரிது. மருத்துவ நூல்களில் அதற்குக் காங்ரிப் புற்று என்றே பெயர். ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்த எர்னஸ்ட் நீவ் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் சூடு படுவதால் தோலில் வலைபோலச் சிவந்த கோடுகள் முதலில் தோன்றும், பிறகு கறுக்கும். வீட்டுக்கார அம்மாவின் முழங்கால்களுக்குக் கீழே அந்த வலை இருந்தது. குழந்தைகள் தட்டிவிட்டுச் சுட்டுக்கொள்வதும், தூக்கத்தில் சாய்ந்து படுக்கை பற்றிக்கொள்வதும், மூடிய அறையில் கரிப்புகை உயிரைப் பறிப்பதும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தியாகின்றன. அதனால்தான் இரவு படுக்கும் முன் அந்த அம்மா எல்லா அறைகளிலிருந்தும் காங்ரிகளை எடுத்து வெளித்தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தார். விருந்தாளி என்று எனக்கும் விலக்கு இல்லை.

இந்த அகலமான அங்கிக்குள் எதையும் மறைக்கலாம் என்பதும் அதற்கு ஒரு சுமையாக வந்து சேர்ந்தது. 1990-களில் துப்பாக்கியை ஃபெரனுக்குள் மறைத்து வந்தவர்கள் இருந்தார்கள். அதன் விளைவாக, எதையும் மறைக்காதவர்களும் சோதனைச் சாவடிகளில் ஃபெரனைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. என்னைச் சராருக்கு அழைத்துப்போன ஓட்டுநர், பையனாக இருந்தபோது ஒரு கையில் காங்ரியும் மறுகையில் ஃபெரன் விளிம்புமாகப் பனியில் வரிசையில் நின்றதைச் சொன்னார். “அப்பா எனக்கு முன்னால் நிற்பார். அவர் தூக்கிக் காட்டுவதை நான் பார்க்க மாட்டேன், வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்” என்றார். 2018 டிசம்பரில் வடகாஷ்மீரில் ஒரு வட்டாரக் கல்வி அலுவலகம், அங்கே வருபவர்கள் ஃபெரன் அணிந்து வரக்கூடாது என்று ஆணையிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது டிசம்பர் 21-ஐ ஃபெரன் நாளாக இளைஞர்கள் லால் சௌக்கில் கொண்டாடுகிறார்கள்.

காஷ்மீர் இந்துக்களான பண்டிதர் குடும்பங்களின் ஃபெரனுக்குத் தனிக் கதை. அது பாதம் வரை நீளும். பெண்களின் ஃபெரனில் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். 1930-களில் கஷ்யப் பந்து முதலிய சீர்திருத்தக்காரர்கள் பண்டிதப் பெண்கள் ஃபெரனை விட்டுச் சேலைக்கு மாற வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். பலர் மாறினார்கள். 1990-இல் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பெட்டிகளில் ஃபெரன்களும் போயின. ஜம்முவின் வெயிலில் அவற்றுக்கு வேலை இல்லை. நான் வரும் வழியில் ஜம்முவில் பார்த்த ஒரு மூதாட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க ஆண்டுதோறும் தன் மாமியாரின் ஃபெரனை எடுத்து உதறி மடித்து வைப்பதாகச் சொன்னார்.

ஸ்ரீநகரில் கல்லூரிப் பெண்கள் முழங்கால் அளவு ஃபெரனும் ஜீன்ஸும் போடுகிறார்கள். ஆண்களுக்கு முன்பக்கம் ஜிப் வைத்தது, தொப்பி வைத்தது, ட்வீடில் இறுக்கமாகத் தைத்தது என்று கடைகளில் தொங்குகின்றன. பார்க்க அழகாகவே இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குள் காங்ரி நுழையாது. மின்கம்பளமும் ஹீட்டரும் வந்துவிட்டன, அலுவலகத்தில் நாற்காலி, வெளியே கார் என்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீள்கிறது. அப்படி ஒரு மாலை விளக்கு அணைந்ததும், அதுவரை ஹீட்டர் முன்னால் ஜிப் ஃபெரனில் இருந்த வீட்டுப் பையன் எழுந்து போய்த் தன் அப்பாவின் பழைய ஃபெரனோடும் ஒரு காங்ரியோடும் திரும்பி வந்தான்.

என் ஃபெரனை வாங்கப் போனபோது மாஸ்டர்ஜியிடம் இதைத்தான் கேட்டேன். எல்லோரும் இறுக்கமாகக் கேட்கிறார்களே, உங்களுக்கு வருத்தமில்லையா என்று. அவர் தைத்து முடித்திருந்த ஒரு ஒல்லி ஃபெரனை எடுத்து உள்புறமாகத் திருப்பினார். இரண்டு பக்கத் தையலுக்கும் அப்பால் நான்கு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது.

“கேட்பதைத் தைத்துக் கொடுக்கிறேன். ஆனால் துணியை வெட்டுவதில்லை” என்றார். “போன வருஷம் மட்டும் ஏழெட்டுப் பேர் பிரித்துத் தரச் சொல்லித் திரும்ப வந்தார்கள்.”